வரேன்னு சொல்லிட்டுப் போ

காலடிப்பேட்டை, திருவொற்றியூர்
14 டிசம்பர் 2008

அன்புள்ள தங்கச்சி குணசுந்தரிக்கு,

அண்ணன் தாமோதரன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் தொந்தியும் சௌக்கியம். அந்தமானில் நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா? ஹட்பேயில் மழை விட்டதா? போனில் பேசினால் நீ அழுகிறாய், நான் அசட்டு ஜோக் அடிக்கிறேன், அதற்குள் லைன் செத்துவிடுகிறது. அதனால்தான் கப்பலை நம்பிக் கடிதம்.

கீர்த்தியின் பதினாறாம் நாள் வந்தது, போனது. காரியம் நடக்கவில்லை.

உனக்குப் போனில் பாதிதான் சொன்னேன். அந்தப் புயல் மழையில் எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி மோதி, நம் ராஜாத்தி அக்காவின் ஒரே பிள்ளை பெரிய ஆஸ்பத்திரியில் மிஷின் வைத்துக் கிடந்தான் அல்லவா? மூளை செத்துவிட்டது, இனி திரும்பாது என்று டாக்டர்கள் இரண்டு முறை சோதித்து எழுதிக் கொடுத்தார்கள். அப்போது சங்கமித்ரா என்று ஒரு பெண் வந்தாள். வியாசர்பாடிக்காரி. உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளராம். அந்தப் பதவியை ஒரே மூச்சில் சொல்ல எனக்கே நுரையீரல் மாற்ற வேண்டும். அரசாங்கம் புதிதாக ஆணை போட்டிருக்கிறது, வீட்டார் சம்மதித்தால் உறுப்புகளை எடுத்து வரிசையில் காத்திருக்கிற நோயாளிகளுக்குக் கொடுக்கலாம் என்று மெதுவாகச் சொன்னாள். அக்கா மீன்கூடையைத் தூக்கி அடிப்பாள் என்று நான் இரண்டடி தள்ளி நின்றேன். அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நெஞ்சு ஓடுமா?"

"ஓடும்மா. இன்னொருத்தருக்குள்ள ஓடும்."

"அப்ப எடுத்துக்கோ."

கைநாட்டு வைத்தாள். கீர்த்தியின் பெண்டாட்டி மதியும் கையெழுத்துப் போட்டாள், கல்யாணமாகி ஒன்றரை வருஷம்கூட ஆகாத பெண். ஆஸ்பத்திரியே அக்காவைக் கும்பிட்டது. நானும் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் முழுக்க, "எங்கக்கா மனசு எப்படிப்பட்ட மனசு தெரியுமா?" என்று என் எடைமேடைக்கு எடை போட வந்த லாரிக்காரனுக்கெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

அக்கா என்ன நினைத்துக் கொடுத்தாள் என்று காரியத்துக்கு நாள் பேச வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. கொள்ளி வைத்த பங்காளி வேலப்பன் பேச்சை ஆரம்பித்தான். அக்கா வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கவே இல்லை.

"யாருக்குடா கருமாதி? நெஞ்சு ஓடிக்கினு கீறவனுக்கு கருமாதி செஞ்சா வெளங்குமா?"

"உடம்ப எரிச்சிட்டமே அண்ணி."

"அது சட்ட. கிழிஞ்சி போச்சு, கழட்டிப் போட்டுட்டான்."

ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டியிருந்த அரசாங்க நோட்டீஸ் ஒன்றை உரித்துக்கொண்டு வந்து சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். "இறந்த பின்னும் வாழ்வார் உங்கள் அன்புக்குரியவர்" என்று போட்டிருக்கிறது. "கவருமெண்டே அச்சடிச்சிக் குடுத்துக்கீது, நீ இன்னாடா எனக்கு சொல்றது?" என்கிறாள்.

உனக்கு நினைவிருக்கும். அக்கா வீட்டு மாமா கடலுக்குப் போய்த் திரும்பாதபோது, உடம்பு கிடைக்கவில்லை என்று பெரியவர்கள் அவர் வேட்டியையும் சட்டையையும் கிடத்திக் கொளுத்தச் சொன்னார்களே, அக்காவும் கொளுத்தினாளே. "அவர நானே முடிச்சிட்டேன்" என்று அவள் அன்றைக்குச் சொன்னது இப்போதுதான் எனக்குத் திரும்பக் கேட்கிறது.

வீட்டில் யாரும் அழக்கூடாது. மதிக்குப் பூ, பொட்டு, தாலி எல்லாம் அப்படியே. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் 'போய்ட்டு வரேன்' சொல்லாமல்தானே போவார்கள்? துக்கத்துக்கு வந்தவர்களை எல்லாம் அக்கா வாசலில் மறித்து, "இது சாவு வூடு இல்ல. வரேன்னு சொல்லிட்டுப் போ" என்று சொல்ல வைத்துத்தான் அனுப்பினாள். கேஸ் சிலிண்டர் போடுகிற செல்வம் பயந்துபோய் மூன்று தடவை சொன்னான்.

தாய்மாமன் முறைக்கு நான் எடுத்துவைத்த கோடித் துணியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டாள். வண்ணாரப்பேட்டையில் எடுத்தது. என் பெட்டியில் கிடக்கிறது.

சரி குணா, வரேன்.

அண்ணன்
தாமோதரன்

*

ஹட்பே
9 ஜனவரி 2009

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை குணசுந்தரி வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதம் போர்ட்பிளேரில் கப்பலுக்காகக் காத்துக் கிடந்து நேற்றுத்தான் கிடைத்தது.

இது நல்லதற்கில்லை அண்ணே. அக்கா பிள்ளையைப் பெற்றவள், அவள் பேச்சு ஒரு பக்கம் இருக்கட்டும். மதியை நினைத்துப் பார்த்தாயா? புருஷன் போனால் அழுவதற்குக்கூட உரிமை இல்லையா அந்தப் பெண்ணுக்கு? நீ தாய்மாமன். நீ சொன்னால் அக்கா கேட்பாள். சிரிக்க வைத்துச் சமாளித்துவிடலாம் என்று பார்க்காதே. சின்ன வயதிலிருந்து உனக்கு அந்தப் பழக்கம்.

நீ அழுதாயா? எழுதவே இல்லையே.

அக்கா, மதி, வேலப்பன் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

குணசுந்தரி

*

காலடிப்பேட்டை
27 ஜனவரி 2009

அன்புள்ள குணாவுக்கு,

சௌக்கியம், சௌக்கியம் அறிய ஆவல். பொங்கலுக்குப் பிறகு என் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். என் மாதச் சம்பளத்தைத் தவிர எல்லாம் ஏறத்தான் செய்கிறது.

உன் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் இல்லை. அவளைப் பற்றி நீ எழுதியதை விழுங்கிவிட்டுக் கடைசிக்குத் தாவினேன். "அக்கா, மதி, வேலப்பன் எல்லோரையும் கேட்டதாகச் சொல்" என்று படித்தேன். அக்கா காத்துக்கொண்டே இருந்தாள்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்க்கா."

"கீர்த்தியக் கேக்கலியா அவ? தூக்கி வளத்தவ இல்ல? ஊரு ஒலகத்தையே கேட்டுக்கினு கீறா, அந்த வேலப்பன்லாம் ஒரு ஆளுன்னு அவனக் கேட்டுக்கினு கீறா..."

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ஒரு வரிதான் குணா. அடுத்த கடிதத்தில் வேலப்பனுக்கு முன்னால் கீர்த்தியின் பெயரையும் போட்டுவிடேன். உனக்குக் கால் சொட்டு மசி செலவு.

அந்த சங்கமித்ரா வீட்டுக்கு வந்திருந்தாள். கொடுத்த குடும்பங்களைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது அவள் வேலையில் சேர்த்தியாம். நான் அவளைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பாவம், அவள் முகம் வெளுத்துவிட்டது. "நான் இறந்துட்டார்னு தெளிவாத்தான் சொன்னேன் சார். அழாம கேட்டுக்கிட்டாங்க. தைரியமான அம்மான்னு நெனச்சேன்" என்றாள். பிறகு உள்ளே போய் அக்கா எதிரில் உட்கார்ந்து, "அம்மா, கீர்த்தி இல்லம்மா" என்று சொல்லியும் பார்த்தாள்.

"இங்க இல்ல. அங்க கீறான். எங்கன்னு சொல்லு."

"சொல்லக்கூடாதும்மா. யார் குடுத்தா, யார் வாங்கினான்னு ரெண்டு பக்கமும் தெரியக்கூடாதுன்னு விதி."

"பேரு வேணாம், ஊரு வேணாம். ஓடிக்கினு கீதா? அத மட்டும் சொல்லு."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தாள். "ஓடுதும்மா" என்றாள். அக்கா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உடனே சுறாப்புட்டு செய்து போட்டாள். கிட்னி இரண்டும் இரண்டு பேருக்கு, கண் இரண்டு பேருக்கு, ஈரல் ஒருவருக்கு, எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னதெல்லாம் அக்கா காதில் ஏறவே இல்லை. அவள் கணக்கில் ஆள் என்றால் நெஞ்சு. மற்றதெல்லாம் கூட வந்த சாமான்.

மாதா மாதம் வந்து 'ஓடுது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகும்படி கட்டளை. சங்கமித்ரா கிளம்பும்போது வழக்கம்போல மறித்தாள். "வரேம்மா" என்றாள் அவள்.

மற்றபடி நீ கேட்ட கேள்விக்கு: எடைமேடையில் கூட்டம் ஜாஸ்தி, நேரமில்லை.

சரி குணா, வரேன்.

தாமோதரன்

*

ஹட்பே
20 பிப்ரவரி 2009

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். உன் மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம்.

நீ கேட்ட வரியை எழுதமாட்டேன். உட்கார்ந்து எழுதித்தான் பார்த்தேன். பேனா போகவில்லை. அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து எனக்கு எழுதுவான். "சித்தி, படகு இன்ஜினைப் பிரித்தேன், ஒரு போல்ட் மிச்சம் வந்துவிட்டது, ஆனாலும் ஓடுகிறது" என்று. இல்லாதவனை இருக்கிறானா என்று கேட்டு அந்தப் பிள்ளையைக் கேலி செய்ய என்னால் ஆகாது.

என் கேள்விக்கு எடைமேடையில் கூட்டம் என்பது பதிலா?

அக்கா, மதி ஆகியோரைக் கேட்டதாகச் சொல்.

குணசுந்தரி

*

காலடிப்பேட்டை
12 மார்ச் 2009

அன்புள்ள குணாவுக்கு,

நலம். நலமறிய நாட்டம். என்னுடைய நலம் எவ்வளவு என்று கேட்டாயானால், போன வாரம் மேடையில் லாரி இல்லாத நேரம் பார்த்து நானே ஏறி நின்றேன். முள் அசையவில்லை. இரும்பு மார்க்கெட்டில் நான் ஒருவன்தான் கணக்கில் வராத எடை. அது என் உத்தியோகப் பெருமை.

இன்னொரு பெருமையைக் கேள். உறுப்பு கொடுத்த குடும்பங்களுக்கு அரசாங்க விழா எடுத்தார்கள். இன்னும் பத்துப் பேருக்குத் தெரிந்தால்தானே இன்னும் பத்துப் பேர் கொடுப்பார்கள்? பந்தல், நாற்காலி, பிஸ்கட், அகல்விளக்கு. அக்காவை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். ஒலிபெருக்கியில் ஒருவர், "மறைந்த கீர்த்தி அவர்களின் தாயார்" என்றாரோ இல்லையோ, அக்கா அவர் கையிலிருந்த மைக்கைப் பிடித்துவிட்டாள்.

"யாருய்யா மறைஞ்சது? நீங்கதான் செவத்துல ஒட்டினீங்கோ, வாழ்வான்னு. எம்புள்ள கீறான்!"

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அதிகாரி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த விழாவுக்கும் இந்த அம்மாவைக் கூப்பிட வேண்டும், என்னமாய்ப் பேசுகிறார் என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். அந்தக் கைதட்டலில் கைதட்டாமல் இருந்தவர்கள் மூன்று பேர். நான், சங்கமித்ரா, மதி.

மதியைப் பற்றி எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இரண்டு மாதமாக அவள் எனக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுவருகிறாள். "மாமா, கொழம்பு வச்சேன்" என்று தூக்குச்சட்டியுடன் எடைமேடைக் கூண்டுக்குள் வந்து உட்காருவாள். உங்கள் அண்ணி கட்டிக் கொடுத்ததை நான் ஏற்கெனவே தின்றிருப்பேன். இதையும் தின்பேன். முதலில் எனக்குப் புரியவில்லை. கம்பி ஏற்றிய லாரி மேடையில் ஏறும்போது இடி இடித்த மாதிரி ஒரு சத்தம் வரும், உனக்குத் தெரியாது, காது கேட்காது. அந்தச் சத்தம் வரும்போது மட்டும் அவள் வாயைத் திறந்து அழுகிறாள். லாரி நின்றதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உப்பு சரியா கீதா மாமா?" என்கிறாள். அடுத்த லாரிக்குக் காத்திருக்கிறாள்.

நான் சரியாக இருக்கிறது என்று சொல்லித் தின்றுகொண்டே இருக்கிறேன். அழுகிறவளுக்கு முன்னால் அதைத் தவிர என்ன செய்வதென்று தெரியவில்லை.

அவள் வீட்டார் கூட்டிப்போக வந்தார்கள். போகமாட்டேன் என்றுவிட்டாள். "அத்தைய இப்டியே உட்டுட்டுப் போனா அது இன்னும் பைத்தியமாய்டும்" என்றாள். அக்காவிடம் சொல்லிவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம் மாமா. அவங்க அழாததாலதான் நிக்கிறாங்க. அழுதா வுழுந்துடுவாங்க."

நீ அந்த வரியை எழுது குணா. பொய்தான். மதியே உன்னிடம் கேட்கச் சொன்னாள்.

சரி, வரேன்.

தாமோதரன்

*

ஹட்பே
6 ஏப்ரல் 2009

அன்புள்ள ராஜாத்தி அக்காவுக்கு,

தங்கை குணசுந்தரி வணக்கம். இந்தக் கடிதத்தை அண்ணனிடம் கொடுத்துப் படிக்கச் சொல். இங்கே நாங்கள் சுகம். பப்பாளி நிறையக் காய்க்கிறது. கடல் அமைதியாக இருக்கிறது.

உன் மூட்டுவலி எப்படி இருக்கிறது? மதி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? கீர்த்தி சௌக்கியமாக இருக்கிறானா? அவனைச் சித்தி மிகவும் கேட்டதாகச் சொல். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

உன் தங்கை
குணசுந்தரி

*

காலடிப்பேட்டை
18 ஏப்ரல் 2009

அன்புள்ள குணசுந்தரிக்கு,

இங்கு அனைவரும் நலம். உங்கள் நலம் அறிய விழைகிறேன். வெயில் அதிகம். தண்ணீர் லாரி ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது. வேறு விசேஷம் இல்லை.

தாமோதரன்

*

ஹட்பே
8 மே 2009

அண்ணே,

என்ன ஆச்சு?

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தொந்தி இல்லை, சர்க்கரை இல்லை, ஒரு கேலிப் பேச்சு இல்லை. மதி பெயர் இல்லை. சங்கமித்ரா இந்த மாதம் வந்தாளா என்று இல்லை. 'விழைகிறேன்' என்கிறாய், நீ என்றைக்கு விழைந்தாய்? கடைசியில் எப்போதும் எழுதுகிற 'வரேன்' கூட இல்லை. அக்கா வாசலில் மறித்துக் கேட்டதைப் போல நானும் கேட்கிறேன். ஏன் சொல்லாமல் போனாய்?

நான் அந்த வரியை எழுதி அனுப்பினேனே, வந்ததா? அனுப்பிய நாளிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

உடனே எழுது.

குணா

*

காலடிப்பேட்டை
30 மே 2009

அன்புள்ள குணாவுக்கு,

நீ வரிசையாகக் கேள்வி கேட்டிருக்கிறாய். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். உட்கார்ந்து படி, பக்கத்தில் மாப்பிள்ளை இருக்கட்டும்.

ஏப்ரலில் சங்கமித்ரா நேரே வீட்டுக்குப் போகாமல் எடைமேடைக்கு வந்தாள். கூண்டுக்குள் வரவில்லை, வெயிலிலேயே நின்றாள். "சார், நின்னு போச்சு" என்றாள்.

நெஞ்சை வாங்கியவர் போய்விட்டார். கிருமி தாக்கி, எவ்வளவோ போராடியும் உடம்பு தாங்கவில்லையாம். மற்றவர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறார்களாம், கிட்னி வாங்கிய ஒருவர் வேலைக்கே போகிறாராம். அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஒன்றுதான் ஓடியது, அக்காவிடம் யார் சொல்வது? பிள்ளையை இரண்டாவது தடவை யார் கொல்வது?

"வழக்கம்போலப் போய் ஓடுதுன்னு சொல்லிடும்மா" என்றேன்.

"பொய் சொல்லச் சொல்றீங்களா சார்?"

"ஆமா. நான்தான் சொல்றேன்."

போனாள். நானும் பின்னாலேயே போய் வாசலில் எதையோ தேடுவதுபோல நின்றேன். அக்கா கேட்டாள், "ஓடிக்கினு கீதா கண்ணு?" அவள், "ஓடிக்கினு கீதும்மா" என்றாள். டீ குடித்தாள். டம்ளரை வைத்தாள். எழுந்தாள். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது. அந்த நிலைமையில்தான் உனக்கு அந்த 'விழைகிறேன்' கடிதத்தை எழுதினேன். எனக்கே தெரியாது அதில் என்ன இல்லை என்று.

அதற்கடுத்த வாரம் உன் கடிதம் வந்தது. பப்பாளிக் கடிதம். வந்திருக்கிறது என்று யாரோ அக்காவிடம் சொல்லிவிட்டார்கள், ஒளிக்க வழியில்லை. படித்தேன். மூட்டுவலி வந்தது, மதி வந்தாள், அடுத்த வரி வந்தது. நான் நின்றேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கோயில் மைக்கில் அறிவிப்பு செய்கிறவன் மாதிரி சத்தமாகப் படித்தேன், "கீர்த்தி சௌக்கியமாக இருக்கிறானா? அவனைச் சித்தி மிகவும் கேட்டதாகச் சொல்."

அக்கா நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"தாமு. அந்தப் பொண்ணு அன்னிக்கி வரேன்னு சொல்லாம போச்சுடா."

நான் கடிதத்தை மடித்தேன்.

"மாசா மாசம் சொல்லிட்டுத்தான் போவும். அன்னிக்கி சொல்லல. பொய்ய சொல்லிட்டு, வரேன்னு சொல்ல வாய் வர்ல அதுக்கு. எனக்கு அன்னிக்கே தெரியும். நீயா சொல்லுவன்னு பாத்துக்கினு இருந்தேன்."

நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்தாள். உடைந்து விழப் போகிறாள் என்று பிடிக்கப் போனேன். அவள் என்னிடம் கேட்டது என்ன தெரியுமா குணா?

"எந்த வூட்டுப் புள்ளடா அது?"

"தெரியாதுக்கா."

"ஆம்பளயா பொம்பளயா?"

"சொல்லக்கூடாதாம்."

"அம்மா கீறாளா அதுக்கு?"

"தெரியலக்கா."

"அவ எம்புள்ளய வச்சிக் காப்பாத்திக்கினு இருந்திருக்கா. இத்தினி மாசம். மருந்து குடுத்து, கண்ணு முழிச்சி, நெஞ்சுல கைய வச்சிப் பாத்துக்கினு... ஐயோ, அவளுக்கு ரெண்டுமே போச்சேடா!"

அப்படித்தான் அக்கா அழுதாள். கீர்த்தியைச் சொல்லி இல்லை. முகம் தெரியாத ஒருத்தியைச் சொல்லி, மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அது எப்போது தன் பிள்ளையின் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. மதி அடுப்படி வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அக்கா கையை நீட்டினாள்.

"வாடி. லாரி சத்தத்துல போய் அழுவாத. இங்க வந்து அழு."

அதுவும் தெரிந்திருக்கிறது அவளுக்கு. நான் ஒருவன்தான் அந்த வீட்டில் ஒன்றும் தெரியாதவன்.

போன ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் காரியம் நடந்தது. செய்து வைத்தவர் மாரியப்பன். அக்கா இரண்டு இலை போடச் சொன்னாள். ஒன்று கீர்த்திக்கு. அவர், "இன்னொண்ணு யாருக்கும்மா?" என்றார். "அந்த வூட்டுப் புள்ளைக்கு." கீர்த்தி இலைக்கு என் பெட்டியிலிருந்த கோடியை வைத்தேன். மற்ற இலைக்கு வேட்டியா புடவையா என்று தெரியாததால் இரண்டையும் வாங்கியிருந்தேன். இரண்டையும் வைத்தேன். மாரியப்பன் பெயர் கேட்டார்.

"தெரியாது" என்றாள் அக்கா.

"பேர் சொல்லாம எப்டிம்மா கூப்புடறது?"

அக்கா கடலைப் பார்த்தாள். "கீர்த்தின்னே கூப்புடு. ரெண்டு பேருக்கும் ஒரே பேருதான்."

தாலியை மதி தானே கழற்றி அக்கா கையில் கொடுத்தாள். பொட்டைத் தொட யாரோ ஒரு கிழவி கையை நீட்டினாள். அக்கா தட்டிவிட்டாள். "பொட்டு அவ அம்மா வூட்ல வச்சது. நாம குடுக்கல, நாம எடுக்க முடியாது."

முடிந்து கிளம்பியபோது யாரும் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. அக்காவும் யாரையும் மறிக்கவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, எடைமேடைக்குப் போனேன். விடுமுறை நாள், ஒரு லாரிகூட இல்லை. கூண்டுக்குள் உட்கார்ந்தேன். நீ ஜனவரியில் ஒரு கேள்வி கேட்டிருந்தாயே, அதற்குப் பதில்: ஆமாம் குணா. சத்தத்துக்கு லாரிகூட இல்லாமல்.

தாமோதரன்

*

ஹட்பே
22 ஜூன் 2009

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். கடிதத்தை உன் மாப்பிள்ளைதான் படித்தார், என்னால் முடியவில்லை. மழை பிடித்துவிட்டது. கப்பல் எப்போது வரும் என்று தெரியாது.

அந்த நோட்டீஸ் இன்னும் சுவரில் இருக்கிறதா? எனக்கு ஒரு சந்தேகம் அண்ணே, அக்கா இப்போது கொடுத்ததற்காக வருத்தப்படுகிறாளா? கேட்டு எழுது.

அக்காவைக் கேட்டதாகச் சொல். மதியைக் கேட்டதாகச் சொல். வேலப்பனையும் கேட்டதாகவே சொல், போகட்டும். சங்கமித்ராவைக் கேட்டதாகச் சொல். நெஞ்சை வாங்கிய அந்த வீட்டில் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள்? அவர்களையும் கேட்டதாகச் சொல்.

குணசுந்தரி

*

காலடிப்பேட்டை
19 ஜூலை 2009

அன்புள்ள குணாவுக்கு,

நான் சௌக்கியம். தொந்தியும் வந்துவிட்டது, எங்கும் போகவில்லை. மதி வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். மத்தியானச் சாப்பாடு ஒன்றாகக் குறைந்துவிட்டதில் உங்கள் அண்ணிக்கு மகிழ்ச்சி, எனக்கு இல்லை.

அக்காவிடம் கேட்டேன். வருத்தமா என்று. "நெஞ்சு நின்னு போச்சு, கிட்னி ஓடிக்கினுதானே கீது?" என்றாள். கூட வந்த சாமானுக்கெல்லாம் இப்போதுதான் மரியாதை வந்திருக்கிறது.

நோட்டீஸைக் கிழித்துவிட்டாள். கிழித்ததோடு விடவில்லை. சங்கமித்ராவைக் கூப்பிட்டு, "அடுத்த தபா யார்னா அம்மாகாரி உக்காந்துகினு இருந்தா என்னிய கூப்புடு" என்றாள். சங்கமித்ரா மேலே கேட்டு உத்தரவு வாங்கியிருக்கிறாள். ஜூனில் ஒரு தடவை கூப்பிட்டாள். அந்தக் குடும்பம் முடியாது என்றுவிட்டது. அக்கா அதற்காக முகம் சுளிக்கவில்லை, அந்த அம்மாவுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை மறுபடியும். நானும் துணைக்குப் போனேன். ராயபுரம் ஹென்றி என்று ஒரு மீன் ஏலக்காரர், அவர் மகள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்தவள். வராந்தாவில் அந்தத் தாய் அழாமல் உட்கார்ந்திருந்தாள். ரொம்ப தைரியமாக. சங்கமித்ரா சொன்னதையெல்லாம் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கையெழுத்துப் போட பேனாவை வாங்கினாள். பிறகு மெதுவாக, "அப்ப எங்க பொண்ணு எங்கியோ இருப்பா இல்ல?" என்று கேட்டாள்.

அக்கா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பேனாவை அவள் கையிலிருந்து வாங்கி என்னிடம் கொடுத்தாள்.

"இல்லம்மா. எங்கியும் இருக்கமாட்டா. அவ செத்துட்டா. மிஷினுதான் மூச்சு உடுது. நான் பெத்துக் குடுத்தவ சொல்றேன், கேளு. மொதல்ல அழுதுடு. அப்பால குடுக்கறதா வேணாமான்னு யோசி. குடுத்தா யாரோ பொழப்பாங்கோ. உம்பொண்ணு வரமாட்டா."

பெரிய டாக்டர் ஒருவர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். தடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். தடுக்கவில்லை. அந்தத் தாய் அக்காவின் மடியில் விழுந்து அழுதாள், வராந்தாவே திரும்பிப் பார்த்தது. நெடுநேரம் கழித்து எழுந்து, என்னிடம் கையை நீட்டிப் பேனாவைக் கேட்டாள்.

கிளம்பும்போது அக்கா அவளிடம் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை. தலையைத் தடவினாள், நடந்தாள். நானும் பின்னால் வந்தேன்.

அந்த வீட்டாரை நீ கேட்டிருந்ததை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். பதில் எழுத நமக்கு வழியில்லையே என்றேன். அவள் யோசித்துவிட்டு எழுதச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சாப்புடறாங்களாம், தூங்கறாங்களாம்னு எழுதுடா. நாம இப்ப சாப்புடறோம் இல்ல, அதே மாதிரி அவங்களும்."

மாப்பிள்ளையின் முழங்காலைக் கேட்டதாகச் சொல். மழை நின்றதும் கப்பல் ஏறு, இங்கே வந்து ஒரு வாரம் இரு.

சரி குணா, வரேன்.

அண்ணன்
தாமோதரன்